கல்முனைக் கரையின் நாற்றுச் சட்டிகள்

ஈழத்தின் கீழ்க்கரை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நெல்லிலிருந்தே தொடங்குவர். அதிற் பிழையில்லை. மட்டக்களப்பின் தென்பகுதியாக நெடுங்காலம் விளங்கி, 1961இல் அம்பாறை மாவட்டமெனப் பிரிந்த நிலப்பரப்பு, குளத்தாலும் வட்டையாலும் பெயர் பெற்றது. 1921இல் கனகரத்தினம் ஆங்கிலத்தில் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட நூலும், 1962இல் அச்சேறிய ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்னும் பழைய ஏட்டுத் தொகுதியும், 1964இல் வெளிவந்த வித்துவான் வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலும் இந்நாட்டின் பழமையை அறிய விழைவார்க்கு இன்றியமையாதன. குடியும் கோயிலும், வயலும் வழமையும் பெரிய செய்திகள். அவை நூலேறுதல் இயல்பு. வீட்டுத் தாழ்வாரத்திலே, விளிம்பு உடைந்த சட்டியொன்றில் விரலளவு உயர்ந்து நிற்கும் கத்தரி நாற்று வரலாற்றாசிரியர் கண்ணில் எளிதிற் படுவதன்று. ஆயினும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலாய சோனகர் ஊர்களில் மக்கள் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதை அறிவதற்கு, அவ்வுடைந்த சட்டி பல ஏடுகளிலும் சிறந்த சான்றாகும்.

இவ்வூர்களின் நிலவமைப்பை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். இரண்டிற்கும் இடையே ஒடுங்கிய மணற்பட்டி. அப்பட்டியிலேதான் வீடுகள் சுவரோடு சுவர் நெருங்கி நிற்கின்றன. இலங்கையில் மக்கள் மிகச் செறிந்து வாழும் இடங்களுள் கல்முனையும் ஒன்று. வயலை வைத்திருப்பவனுக்கும் வீட்டு வளவு சிறியதே. மணலோ நீரையும் எருவையும் தாங்கி வைத்துக்கொள்ள அறியாதது. காலையில் ஊற்றிய நீர் நண்பகலுக்குள் அடியிறங்கிவிடும். கிணறுகள் ஆழமற்றவை. உப்பு நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையையே அவை ஏந்தி நிற்கின்றன. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர் வைகாசி, ஆனியில் மலைநாட்டைக் கடந்து ஈரமிழந்து வரும் கச்சான் காற்று இலையையும் மண்ணையும் ஒருங்கே வறட்டும். ஒரு பருவத்தில் மிகை நீர், மற்றொரு பருவத்தில் மிகை வெப்பம். இவற்றிடையே ஒரு கத்தரிச் செடியைக் காய்க்கச் செய்வதெனின், அதன் இளமைப் பருவத்தை வெளியில் விடாது வீட்டோடு வைத்து வளர்க்க வேண்டும்.

விதையை வீட்டினுள் முளைப்பித்து வெளியில் நடும் வழக்கம் குளிர்நாட்டாருடையது என்றொரு எண்ணம் படித்தோரிடையேயும் உண்டு. குளிர்நாட்டார் அதனைச் செய்தமை உண்மையே. உரோமப் பேரரசன் திபேரியு வெள்ளரியினக் காயொன்றை நாள்தோறும் விரும்பி உண்டமையால், சில்லுப் பூட்டிய பாத்திகளில் அதனை வளர்த்து, வெயில் வேளையில் வெளியே உருட்டியும், குளிர் நாளில் ஒளிபுகும் கல்தகட்டு மூடியின்கீழ் வைத்தும் அவன் தோட்டக்காரர் காத்தனர் என்று முதலாம் நூற்றாண்டினரான பிளினி எழுதினார். ஆங்கே பகை குளிர். கல்முனையிலே பகை மழை. கார்த்திகை, மார்கழியிற் பெய்யும் பெருமழையின் ஒரு துளி, மணலைத் தெறிக்கச் செய்து எள்ளினும் சிறிய விதையை வெளியே எறிந்துவிடும்; எறியாது விட்டால் அழுகச் செய்யும். மழை ஓயும்வரை காத்திருந்து தையில் விதைக்கலாமே எனின், செடி பூக்கும் காலத்திற் கச்சான் வந்துவிடும். ஆகவே மழை பெய்து கொண்டிருக்கும்போதே நாற்று வளர்ந்துவிட வேண்டும். மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் நிற்கும்போது அது நடுவதற்கு ஆயத்தமாய் இருக்க வேண்டும். இந்த நான்கு ஐந்து கிழமைக் கணக்கே தாழ்வாரத்து நாற்றுக்குக் காரணம். இதனை எவரும் வெளிநாட்டிலிருந்து கற்றுவந்து சொல்லவேண்டியிருந்திலது.

நாற்று என்ற சொல்லும் இக்கரையில் தனிப்போக்கு உடையது. தமிழகத்தில் அச்சொல்லைக் கேட்டமாத்திரத்தே நெல்நாற்றே நினைவுக்கு வரும். முடியாகக் கட்டிய நாற்றை நீர்நிறைந்த செய்யில் நடுதல் பெரும்பாணாற்றுப்படையிலேயே பேசப்பட்ட பழமையுடையது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலோ நெல் பெரும்பாலும் விதைக்கப்படுவது, நடப்படுவதன்று. வட்டைகள் பரந்தவை, நடுகைக்கு வேண்டும் ஆள்வலி அரிது. எருமைகளைக் கொண்டு சேற்றை மிதிப்பித்து, முளைகட்டிய நெல்லை வீசி விதைத்து, வேலியடைத்துக் காவலிருத்தலே போடியார்க்கும் முல்லைக்காரர்க்கும் பழகிய முறை. 1950களில் நாற்று நடுகையை அரசு ஊக்குவித்தபோதும், அதன்பின் பிலிப்பைன்சிலிருந்து வந்த, மண்ணின்றி வாழையிலைமேல் நாற்று வளர்க்கும் ‘டபொக்’ முறையைப் பரப்ப முயன்றபோதும், இக்கரையின் வயல்கள் பெரிதும் மாறவில்லை. எனவே நாற்று என்பது இங்கே வயலுக்கு உரிய சொல்லாகாது வளவுக்கு உரிய சொல்லாயிற்று. ஆடவர் தொழிலாகாது பெண்டிர் தொழிலாயிற்று. விவசாயத் திணைக்களத்தார் நாற்றுமேடையைத் தவறணை என்று எழுதுவர். கள்ளுக்கடைக்கும் அதே சொல் இந்நாட்டில் வழங்குவதால், பாடநூலை முதன்முறை திறக்கும் மாணவர் சிரிப்பதுண்டு.

எல்லாக் காய்கறியும் நாற்று வேண்டுவன அல்ல. பூசணி, பாகல், புடோல், வெண்டி, பயற்றை ஆகியவற்றின் விதை பெரிது. வேர் பெயர்த்தலைப் பொறாது. அவற்றைக் குழியிலே நேரே ஊன்றுவர். நாற்றுக்கு உரியவை கத்தரி, மிளகாய், தக்காளி என்னும் மூன்றும், இவற்றின் இனமாகிய புகையிலையுமே. இவற்றுள் கத்தரியின் பயணம் தனித்துச் சொல்லத் தக்கது. இந்திய நாட்டில் நெடுங்காலமாகப் பயிராகி வந்த அது, பாரசீகத்தின் வழியே அராபியரிடம் சென்றது. அராபியர் அதனை ஐபீரியத் தீபகற்பத்திற்குக் கொண்டு சேர்த்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே செவில் நகரில் வாழ்ந்த இப்னு அல்-அவ்வாம் எழுதிய பெரிய வேளாண்மை நூல், காய்கறி விதைகளை எருவிட்ட பாத்தியில் முளைப்பித்துப் பெயர்த்து நடும் முறைகளை விரித்துரைக்கின்றது. கத்தரியும் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. அராபியர் ‘பாதிஞ்சான்’ என்றதைப் போர்த்துக்கேயர் ‘பெரிஞ்செலா’ என்றனர். அவர்கள் கீழைக் கடலுக்கு வந்தபின் அப்பெயரே இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வாயிற் ‘பிரிஞ்சால்’ ஆயிற்று. புறப்பட்ட இடத்துக்கே வேறு பெயரோடு திரும்பிவந்த காய் இது. கல்முனைப் பெண்கள் அதனைக் கத்தரிக்காய் என்றே அன்றும் அழைத்தனர், இன்றும் அழைக்கின்றனர்.

மிளகாயும் தக்காளியும் புகையிலையும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே இப்பக்கத்தை அடைந்தவை. மிளகின் உறைப்புடைய காய் ஆதலின் மிளகாய் என்றனர். கீழ்க்கரையில் அதற்குக் கொச்சிக்காய் என்றே பெயர். கொச்சித் துறைமுகத்தோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவர். புகையிலை இக்கதையில் ஓர் ஆசிரியனின் இடத்தைப் பெறுகின்றது எனலாம். ஒரு கிராம் எடையில் அதன் விதை பத்தாயிரத்தை எட்டும். அத்தனை நுண்மையானதைக் கையால் எண்ணி ஊன்ற இயலாது. சாம்பலோடும் மணலோடும் கலந்து தூவி, தெளித்த நீரின் வேகத்திலும் பெயராதபடி காத்தால் மட்டுமே முளைக்கும். கத்தரி விதைக்கும் மிளகாய் விதைக்கும் காட்டும் நுண்ணிய கவனத்தில் ஒரு பகுதி இப்புகையிலைப் பழக்கத்தால் வந்திருத்தல் கூடும்.

இக்கரையில் முஸ்லிம்கள் எப்போது குடியேறினர் என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. 1626இல் போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட சோனகர் நாலாயிரவரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் இருத்தினான் என்னும் செய்தி பரவலாக எடுத்துக் கூறப்படுவது. அதற்கு முன்னரும் அவர்கள் இங்கே வாழ்ந்தனர் என்பாரும் உளர். நம் பொருளுக்கு வேண்டுவது ஆண்டன்று, வீட்டுரிமையே. கீழ்க்கரைத் தமிழரைப் போலவே கீழ்க்கரை முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைக் கொண்டவர்கள். மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக அமையும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். பெற்றோர் தமக்கென அருகிலேயே வேறொரு வீட்டைக் கட்டிக்கொள்வர். இதனால் ஒரு வளவும் அதைச் சூழ்ந்த வளவுகளும் மூத்தம்மா, உம்மா, மகள், பேத்தி என்று ஒரே பெண்வழியில் தொடர்வனவாயின. ஆண் வேற்றில்லம் புகுவான், விதை புகாது. எந்தக் கத்தரி முள்ளில்லாதது, எந்தக் கொச்சிக்காய் கச்சானைத் தாங்குவது, எந்த மரத்து நிழல் நாற்றுக்கு ஆகாது என்னும் அறிவெல்லாம் அவ்வளவை விட்டு நீங்காமல் தங்குவதற்கு இம்முறை வாய்ப்பளித்தது என்று கருத இடமுண்டு. தந்தைவழிக் குடியுள்ள ஊரில் மணமாகும் பெண் தாய்வீட்டு விதையை முடிந்துகொண்டு புது மண்ணிற் பரீட்சிக்க வேண்டும். இங்கே அந்த இடர் குறைவு.

காலக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. இசுலாமிய ஆண்டு மதியைப் பின்பற்றுவது. ஞாயிற்றாண்டிலும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. முஹர்ரமும் ரமழானும் எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். தொழுகைக்கும் நோன்புக்கும் அக்கணக்கே உரியது. விதைப்புக்கு அது உதவாது. எகித்திலே முஸ்லிம் உழவர் நூற்றாண்டுகளாகக் கொப்திய கிறித்தவரின் ஞாயிற்று மாதங்களைக் கொண்டே நைல் வெள்ளத்தையும் விதைப்பையும் கணித்தமைக்கு இதுவே காரணம். அவ்வாறே கீழ்க்கரையிலும் பயிருக்கு ஐப்பசி, கார்த்திகை, தை என்னும் பெயர்களே வழங்கின. நோன்புப் பெருநாள் எப்பருவத்தில் வந்தாலும், நாற்றுச் சட்டி தாழ்வாரத்தை அடைவது கார்த்திகை பிந்தியே.

இனி, அந்நாற்று வளர்ந்த வகையைச் சற்றே விரித்துக் காண்போம். மண், எரு, மணல் மூன்றையும் சமமாகக் கலந்து அரிப்பர். மண்ணை மேற்கே வயலோரத்திலிருந்து கொணர வேண்டும். வளவின் மணல் மட்டும் ஆகாது. எரு பழையதாய் இருத்தல் வேண்டும். புதிய சாணம் சூடேறி முளையைக் கருக்கிவிடும். கலவையில் உள்ள நோய்க் கிருமியை அழிக்க, அதனை மேடையாக்கி, வைக்கோலும் உமியும் மாறிமாறி அடுக்கி, காற்றடிக்கும் திசைக்கு எதிராகத் தீ மெல்ல நகரும்படி எரிப்பர். வேகமாக எரிந்த தீ மேலே மட்டும் சுடும். மெல்ல நகர்ந்த தீயின் சூடே கீழிறங்கும். இம்முறையை இன்று விவசாயத் திணைக்களத்தாரும் விதந்துரைக்கின்றனர். நெல்லாலைகள் நிறைந்த இக்கரையில் உமிக்குப் பஞ்சமில்லை. வயலை வளவிலிருந்து வேறாகப் பிரித்து எழுதும் நூல்கள் காணாத உறவு இது: மேற்கின் உமி எரிந்தே கிழக்கின் நாற்று முளைத்தது.

சட்டிக்குப் பணம் செலவிட்டவர் எவருமிலர். கண் திறந்த தேங்காய்ச் சிரட்டை, கமுகம் பாளை, வாழை மடலைச் சுருட்டி ஈர்க்குக் குத்திய கிண்ணம், அடுப்பில் வைக்க முடியாதவாறு வெடித்த கறிச்சட்டி ஆகியனவே கலங்கள். பின்னாளில் பால்மாப் பேணி வந்தது. அதன்பின் கரிய பொலித்தீன் பையும் யோகட் கோப்பையும் வந்தன. எக்கலமாயினும் அடியில் துளை இருத்தல் வேண்டும். நீர் வடியாத சட்டியில் நாற்று முதல் நாள் செழிக்கும். மூன்றாம் நாள் தண்டு மண்ணோடு சேருமிடத்தில் கறுத்து, மெலிந்து, சாயும். நெருக்கமாக விதைத்தாலும் இதே கேடு நேரும். நுண்பூசணம் விளைக்கும் இந்நோய் சட்டியின் ஒரு மூலையிலே தோன்றினால் இரவுக்குள் மறுமூலையை அடையும்.

விதையை ஓரிரவு நீரில் ஊறவிட்டு, ஈரத் துணியில் முடிந்து வைப்பதுண்டு. விதைத்த பின் அதன் பருமனைப்போல் இரு மடங்குக்கு மேல் மண் மூடலாகாது. மணல் வளவின் முதற்பகை எறும்பு. ஒரு சட்டி மிளகாய் விதையை ஒரு பொழுதில் தூக்கிச் சென்றுவிடும். சட்டியைச் சுற்றிச் சாம்பலிடுவர்; மஞ்சட்டூளும் இடுவர். அதனிலும் திறமான வழி, நீர் நிரப்பிய தட்டத்தில் கல்லை வைத்து அதன்மேல் சட்டியை வைத்தல். மேலே வைக்கோல் பரப்பி, கையை நனைத்து உதறியே நீர் தெளிப்பர். தக்காளி ஐந்தாறு நாளில் தலைகாட்டும். கத்தரி ஏழெட்டு நாளில். மிளகாய் பத்து நாள் கடந்தும் காக்கவைக்கும். முளை கண்ட அன்றே வைக்கோலை நீக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் முளை ஒளியைத் தேடி வெளிறி நீளும். நீண்ட நாற்று நிமிர்வதில்லை. வீட்டின் உட்பக்கத்தில் வளர்த்தோர் இப்பிழையால் வருந்தினர். ஆதலினாலேயே தாழ்வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. காலை வெயில் சாய்ந்து விழும், மழை விழாது.

வித்திலை இரண்டின்மேல் மெய்யிலை இரண்டு தோன்றியதும் நெருக்கத்தைக் கலைத்துத் தனித்தனிச் சிரட்டைக்கு மாற்றுதல் அடுத்த வேலை. இங்கே கைப்பழக்கம் வேண்டும். ஈர்க்கினால் அடிமண்ணை நெம்பி, இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும்; தண்டைப் பிடித்தலாகாது. இலை நசுங்கினால் வேறு இலை வரும். தண்டு நசுங்கினால் செடியே இல்லை. மாலையில் மாற்றி, இரண்டு நாள் நிழலில் வைத்து, பின்னர் வெயிலைச் சிறிது சிறிதாகக் காட்டி, நீரையும் சிறிது சிறிதாகக் குறைத்து வன்மைப்படுத்துவர். சிரட்டையில் வளர்ந்த நாற்றுக்கு ஒரு நன்மை உண்டு: நடும்போது வேர் அறியாது. தையில் மழை ஓய்ந்த ஒரு மாலையிலே, எருவிட்டு ஆறவைத்த குழியில் அதனை இறக்கி, தென்னோலைக் கீற்றொன்றை மேற்குப்பக்கம் குத்தி நிழல் செய்துவிட்டால், பங்குனி சித்திரையில் கறிக்குக் காய் உண்டு. ஒரு வளவில் ஐந்து செடி நிற்கும், மிஞ்சினால் பத்து. மீதி நாற்று அயல்வீட்டுக்குப் போகும். விலை பேசும் வழக்கம் பழைய நாளில் அரிது.

அரசாங்க ஆவணங்களைப் புரட்டினால் வேறோர் உலகம் தோன்றும். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1855 முதல் 1860 வரை ஆண்டபோது இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்துவித்தார். கீழ்க்கரை நெல் பெருகியது. அவர் செயலின் பயன் பெரிது. அதனை யாரும் குறைத்துச் சொல்லார். பேராதனையில் 1821இல் அமைந்த அரச தாவரத் தோட்டமோ பெருந்தோட்டப் பயிர்களின் நாற்றுச்சாலையாக உலகப் புகழ் பெற்றது. 1876இல் விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் வித்துகளை இலண்டனின் கியூத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை இரண்டாயிரத்துச் சில நூறே. அவற்றுள் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகள் 38இல் அடைக்கப்பட்டு இலங்கைக்குக் கப்பலேறின. கம்பஹாவுக்கு அண்மையில் உள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. ஒவ்வொரு நாற்றும் எண்ணப்பட்டது. ஒவ்வொரு பெட்டியும் பதியப்பட்டது. ஆசியாவின் ரப்பர்ச் செல்வம் அப்பெட்டிகளிலிருந்து கிளைத்தது.

அதே 1876இலும் கல்முனைத் தாழ்வாரங்களிற் சிரட்டைகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. அவற்றை எண்ணியவர் இலர். காரணம் பகைமையன்று. வரி இறுக்க முடியாததை அரசு எண்ணாது. ஏற்றுமதியாகாததை வணிகர் எண்ணார். நெல்லில் ஒரு பங்கை அரசிறையாகக் கொள்ளும் முறை 1892இல் நீக்கப்படும் வரையும் நெல் அளக்கப்பட்டது. ஆதலின் நெல்லுக்கு வரலாறு கிடைத்தது. கத்தரிக்கு அளவையும் இல்லை, வரலாறும் இல்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் டிரீபேர்க் என்பார் பாடசாலைத் தோட்டங்களை நாடெங்கும் பரப்ப முயன்றார். பேராதனையில் பணியாற்றிய மக்மில்லன் 1910இல் வெளியிட்ட வெப்பநாட்டுத் தோட்டக்கலை நூல் இத்துறையில் இன்றும் மதிக்கப்படுவது. 1912இல் விவசாயத் திணைக்களம் அமைந்தது. ஆயின் இவையெல்லாம் எழுத்தறிந்த ஆடவர்க்கும் மாணவர்க்கும் உரியனவாய் நின்றன. நாற்றைக் கையாண்ட பெண்களிற் பெரும்பாலோர் அந்நாளில் பாடசாலை காணாதவர்.

1942இல் போர்க்கால அரிசிப் பங்கீடு தொடங்கியபோது அரசு முதன்முறையாக வீட்டு வளவைத் திரும்பிப் பார்த்தது. உணவுப் பயிர் செய்க என்ற அழைப்பு ஊரெங்கும் கேட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் மீண்டும் பார்வையை மேற்கே திருப்பிற்று. சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் வயலை வளப்படுத்தியபோது வளவு மறக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைத் தடுத்தது. செத்தல் மிளகாயின் விலை உயர்ந்து, வரண்ட வலயத்து உழவர் பலர் கடன் தீர்த்தனர். மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்து மிளகாயினங்களும் யாழ்ப்பாணத் திருநெல்வேலி நிலையத்தின் பெயர் தாங்கிய ஊதாக் கத்தரியும் அறியப்பட்டன. கடையில் வாங்கும் விதை அக்காலத்திலேயே வீட்டு விதையோடு சேர்ந்து முளைக்கத் தொடங்கியது. அவை கலப்பின வித்தல்ல. ஆகவே ஒருமுறை வாங்கியதை மறுமுறை வீட்டிலேயே எடுத்துக்கொள்ள முடிந்தது. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் அந்த விலை வீழ்ந்தது.

1990ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகள், இரு சமூகத்தார்க்கும் வயலுக்குச் செல்லும் வழி அச்சம் நிறைந்ததாயிற்று. மேற்கே காணி இருந்தும் விளைக்க இயலாதவர் பலர். அந்நாளில் வளவின் பத்துச் செடி சிறு பொருளன்று.

2004 திசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தது. மார்கழி மாதம்; தாழ்வாரங்களில் நாற்றுச் சட்டிகள் தை மழையோய்வை நோக்கி நிற்கும் காலம். இலங்கையில் உயிரிழப்பு மிக்க மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோரத் தெருக்கள் அடியோடு பெயர்ந்தன. அத்தகைய அழிவின் நடுவே நாற்றைப் பற்றிப் பேசுதல் அறமோ என்று ஒருவர் வினவலாம். ஆயினும் வரலாறு எழுதுவோன் ஒன்றைக் குறிக்காமல் விடமுடியாது. இறந்தோரிற் பெருந்தொகையினர் பெண்களும் சிறுவரும். விதை முடிச்சோ வீட்டினுள் இருந்தது. விதையும் விதையை அறிந்தவளும் வீடும் ஒரே நாழிகையில் இல்லாது போயின. தாய்வழியே தங்கிநின்ற அறிவுக்கு அந்த வழியே அறுந்த வீடுகள் பல.

கிணறுகளில் உப்பேறியது. மணல் நிலம் நீரை விரைந்து வடியவிடும் இயல்பினதாதலின், பல மாத மழையில் மேல்மண்ணின் உப்புக் கரைந்து சென்றது. மணலின் குற்றமெனத் தலைமுறை தலைமுறையாக நொந்துகொண்ட அவ்வியல்பே அப்போது துணையாயிற்று. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்னும் விதி கிழக்கில் முதலில் விதிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டது. இடையில் இடம்பெயர்ந்தோர்க்கு உள்ளூரிலே புதிய குடியிருப்புகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. நிவாரணப் பொருளோடு விதைப் பொதிகளும் வந்தன. மாடி வீட்டில் வளவு இல்லை, தாழ்வாரமும் இல்லை. ஒடுங்கிய முகப்பில் பொலித்தீன் பைகளில் மிளகாய் நிற்கின்றது. தரையில் நடவேண்டிய நாற்றுக்குப் பையே இறுதி இருப்பிடமாயிற்று.

இன்று நாற்று வளர்ப்புக்குக் குழித்தட்டும் தும்புத்தூளும் வந்துவிட்டன. தேங்காய் மட்டையிலிருந்து தும்பு எடுத்தபின் குவியும் தூளை முன்னாளிற் கழிவென்று ஒதுக்கினர். அதுவே இன்று கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறி ஐரோப்பியத் தோட்டங்களுக்குச் செல்கின்றது. நோயற்றது, நீரைத் தாங்குவது, எடையற்றது. பழைய கலவையிலும் இது சிறந்தது என்பதை மறுத்தற்கில்லை. குறை வேறிடத்தில் உண்டு. தட்டில் வளரும் நாற்றிற் பெரும்பகுதி முதற்தலைமுறைக் கலப்பினம். அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயை ஒத்து வராது. ஆண்டுதோறும் பொதி வாங்க வேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு இறுதிக்குள் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி, விலைகள் ஏறி, அரச ஊழியர் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க 2022 யூனில் அமைச்சரவை இசைந்தது. வெள்ளி சும்ஆத் தொழுகை நாளாதலின், கல்முனையில் அவ்விடுமுறை எவ்வளவு நேரம் மண்வெட்டிக்குக் கிடைத்திருக்கும் என்பது வேறு செய்தி. பயிர் செய்ய எழுந்தோர் முதலில் தேடியது நிலத்தையன்று, விதையையே.

விதை காத்த பழைய முறையை முதியோர் இன்னும் சொல்லக் கேட்கலாம். நன்கு பழுத்து மஞ்சளித்த கத்தரியை முதற் காய்ப்பிலன்றி நடுக் காய்ப்பிலிருந்து தேர்ந்து, பிசைந்து, கழுவி, மிதப்பதை நீக்கி அமிழ்வதை மட்டும் எடுத்து, சாம்பலிற் புரட்டி நிழலில் உலர்த்துவர். மிளகாயை அரியாமல் பழமாகவே கோத்துத் தொங்கவிடுவர். இரண்டுக்கும் இடம் குசினியில் அடுப்புக்கு மேலுள்ள பரண். விறகுப் புகை நாளும் ஏறி, ஈரத்தையும் வண்டையும் அண்டவிடாது. மாடி வீட்டுக் குசினியில் எரிவாயு அடுப்பே உண்டு. புகையும் பரணும் இல்லை. அங்கே இன்னமும் விதை எடுத்து வைக்கும் சில பெண்கள் அதனைச் சாம்பலோடு சிறு போத்தலில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே, மருந்துக் குப்பிகளுக்கு அருகில் வைக்கின்றனர்.